தேம்ஸில் டிங்கி இறக்கும் முன்

பாம்பனிலிருந்து இங்கிலாந்தில் தேம்ஸ் கரையில் உள்ள ரெடிங் வந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, பழைய டிங்கி, சின்னத் திறந்த படகு ஒன்று, பின்னால் மாட்டும் 4 எச்.பி. அவுட்போர்டு இன்ஜினோடு சல்லிசாக வருது. ஆற்றில் ஓட்ட லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேணுமா? அப்படியே வாடகை வீடு, நல்ல மீன் கடை பற்றியும் சொல்லுங்க."

வீட்டையும் மீனையும் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படகு விஷயத்தில்தான் நம்மவர்கள் தப்பாக வழிகாட்டுகிறார்கள். "சின்னப் படகுதானே, யார் கேட்கப்போறா" என்று 2007இல் எனக்கும் ஒருவர் சொன்னார். இருபது வருஷம் இங்கே இருந்தவர் என்று நம்பி இறக்கினேன். ஆற்றில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் விடும் கதவுத் தொட்டிக்கு லாக் என்று பேர். முதல் லாக்கிலேயே, அதைப் பார்த்துக்கொள்ளும் லாக் கீப்பர் படகின் பதிவு நம்பர் எங்கே என்று கேட்டார். இல்லை. பேப்பர்? அதுவும் இல்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, கரையில் நின்றவர்கள் பார்க்கப் படகைத் திருப்பினேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. ஊரில் மீன்துறை அனுமதிச் சீட்டான டோக்கன் வாங்காமல் கடலுக்குப் போவோமா? வத்தை என்கிற சின்ன நாட்டுப் படகில்கூட டிஎன் 10 என்று பதிவு எண் எழுதித்தானே ஓட்டுகிறோம்? இங்கே வந்ததும் ஏன் அந்தப் புத்தி போய்விடுகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொந்த உல்லாசத்துக்கு ஓட்டினால் ஓட்டுபவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. படகுக்குத்தான் பதிவு. டெடிங்டன் லாக்குக்கு மேலே உள்ள தேம்ஸ், அரசின் சுற்றுச்சூழல் ஏஜென்சியின் பொறுப்பு. ரெடிங்கிலேயே கென்னட் ஆறு வந்து சேருகிறது பாருங்கள், அதில் பிளேக்ஸ் லாக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கால்வாய்களைப் பராமரிக்கும் கேனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் எல்லை. அங்கே தேம்ஸ் பதிவு செல்லாது, தனி லைசென்ஸ் வேண்டும். இரண்டிலும் ஓட்ட கோல்டு லைசென்ஸ் என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு நாலு தடவைதான் போவீர்கள் என்றால் குறுகிய காலப் பதிவே போதும். இன்ஜினைக் கழற்றிவிட்டுத் துடுப்பு போட்டாலும் பதிவு வேண்டும், அதில் தப்பிக்க வழி தேடாதீர்கள். பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று, 4 வருஷம் செல்லும். திறந்த டிங்கி, கழற்றி மாட்டும் இன்ஜின், கையில் தூக்கும் டேங்க், வேறு கேஸ், கரண்ட் எதுவும் இல்லையென்றால் பொதுவாக அது தேவைப்படாது.

இன்சூரன்ஸ்தான் முக்கியம். அடுத்தவர் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி கட்டாயம். கேனால் டிரஸ்ட் 2 மில்லியன் பவுண்டுக்குக் கேட்கிறது, அந்த அளவுக்கே எடுத்துவிடுங்கள். வீட்டு இன்சூரன்ஸில் அடங்கும் என்று சொல்லும் அண்ணன்மார் பேச்சைக் கேட்காதீர்கள். எழுத்தைப் படியுங்கள். என் முதல் இன்ஜின் களவு போனபோது கம்பெனி ஒரு பைசா தரவில்லை. அவுட்போர்டுக்கென்றே விற்கும் பூட்டு போட்டிருக்க வேண்டும் என்று பாலிசியின் ஏழாம் பக்கத்தில் இருந்தது. நான் போட்டிருந்தது சைக்கிள் சங்கிலி. இப்போது வாங்கினால் அன்றைக்கே இன்ஜினின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வைக்கிறேன்.

அப்புறம், கடல் பார்த்தவன் எனக்கு ஆறு எம்மாத்திரம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். பாக் நீரிணையில் விழுந்தால் நீந்தி வந்துவிடலாம். இங்கே ஏப்ரலில் வெயில் அடிக்கும், தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே கிடக்கும். விழுந்த நொடியில் மூச்சு இழுத்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்தவனே அதில் போய்விடுவான். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், நீங்கள் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறான கில் கார்டைக் காலில் மாட்டாமல் இன்ஜினைத் தொடாதீர்கள். லாக்கில் சிவப்புப் பலகை தொங்கினால் வெள்ளம் இழுக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் படகு கரையிலேயே கிடக்கட்டும். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர்தான். இரண்டு நாள் பவர்போட் பயிற்சி ஒன்று உண்டு. நம்ம பையன்கள் காசைப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். நான் போனேன். பாம்பன்காரன் படகு ஓட்டக் காசு கொடுத்துப் படிக்கிறானா என்று ஊரில் கேட்டார்கள். கேட்கட்டும். இன்று லாக்கில் கயிறு போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா ஒரே ஒரு தடவை வந்தார். கேவர்ஷம் லாக்குக்குள் விட்டு இன்ஜினை அணைத்தேன். கதவு மூடித் தண்ணீர் ஏற ஏற, படகும் மெல்ல மேலே வந்தது. நாற்பது வருஷம் வத்தை ஓட்டியவர், படகின் முன்பக்கமான அணியத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணியவே பூட்டி வச்சிருக்காய்ங்களே" என்றார். மேல் கதவு திறந்ததும், கடலில் நீவாடு, அதாவது நீரோட்டம், பார்ப்பது போலக் கையைத் தண்ணீருக்குள் விட்டார். வெளியே எடுத்து விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.