தீவில் இருப்பதெல்லாம் தீவுப் பறவையா?

கேள்வி: தனுஷ்கோடிச் சாலையோர மணலில், ராவணன் மீசைப் புதர்களுக்கு இடையே சிறிய பழுப்புக் குருவி ஒன்று ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. மார்பில் கோடுகள். தீவுகளில் மட்டுமே வாழும் பெர்தெலோ நெட்டைக்காலியின் படத்தை அப்படியே ஒத்திருக்கிறது. இராமேசுவரமும் தீவுதானே, அதுவாக இருக்குமா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இருக்காது. பெர்தெலோ நெட்டைக்காலி, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் உள்ள கேனரி, மடெய்ரா, செல்வஜென்ஸ் தீவுகளுக்கே உரியது, வலசை போவதில்லை. பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருப்பதோ சுமார் 2 கி.மீ. கடல். குருவிக்கு அது வாய்க்கால் மாதிரி. தனி இனம் பிரிய அந்த இடைவெளி போதாது.

நீங்கள் பார்த்தது வயல் நெட்டைக்காலியாக இருக்கலாம். அளவை வைத்துப் பிரிக்க முடியாது: இது ஏறக்குறைய 15 செ.மீ., அது 14. பெர்தெலோவின் முதுகு சாம்பல் சாயல், வயிறு வெள்ளை. நம்முடையதன் முதுகு பழுப்பு. மார்பிலும் விலாவிலும் மங்கிய சந்தன நிறம் படர்ந்திருக்கும்.

ஆனால் முதலில் அது நெட்டைக்காலிதானா என்று உறுதி செய்யுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வானம்பாடியும் அதே மணலில் மேயும். நிறத்தை விடுங்கள், வாலைப் பாருங்கள். ஓடி நின்றதும் வாலை மேலும் கீழும் ஆட்டினால் நெட்டைக்காலி. அலகு மெல்லியது, கால் நீளம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். சாம்பல்தலை வானம்பாடியின் பெட்டை குட்டையானது, அலகு தடித்தது. ஆள் வந்தால் தரையோடு பதுங்கி, மண்கட்டிபோல் கிடக்கும். பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளையாகத் தெரிந்து, 'சிப் சிப்' என்று கத்தினால் நெட்டைக்காலிதான், சந்தேகமே வேண்டாம்.

உச்சிவெயிலில் பார்க்காதீர்கள். மணலில் பட்டுத் தெறிக்கும் ஒளி மார்புக் கோடுகளை அழித்துவிடும். காலை எட்டு மணிக்குள், வெயில் உங்கள் முதுகில் விழும்படி உட்காருங்கள். துரத்தினால் ஓடும், உட்கார்ந்தால் அதுவே கிட்ட வரும்.

கேள்வி: மார்கழியில் இதேபோல், ஆனால் பெரியதாக ஒன்று வருகிறதே?
– வாசகர், மண்டபம்

பதில்: ரிச்சர்ட் நெட்டைக்காலி. 17, 18 செ.மீ. இருக்கும். இறங்குமுன் புல்லுக்கு மேல் ஒரு நொடி சிறகடித்து நிற்கும். கிளம்பும்போது 'ஷ்ரீப்' என்று கரகரப்பாக ஒரே குரல்.