அடித்த பிறகு எங்கே நிற்பது?

கேள்வி: எனக்கு 42 வயது. வலது கையால் டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் அடி) நன்றாகவே விழுகிறது. ஆனால் அடுத்த பந்து எப்போதும் நான் இல்லாத பக்கம் வருகிறது. ஸ்கிப்பிங் செய்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மேசையின் நடுக்கோட்டுக்கு நேரே வந்து நிற்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பலரும் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிராளி எந்தெந்தக் கோணத்தில் அடிக்க முடியும் என்று பார்த்து, அந்தக் கோணத்தின் நடுவில் நிற்க வேண்டும்.

மேசையின் அகலம் 152.5 சென்டிமீட்டர்தான். ஆனால் வலது கை எதிராளியின் ஃபோர்ஹேண்ட் மூலைக்கு, அதாவது அவருடைய வலது மூலைக்கு நீங்கள் அடித்தால், அவர் குறுக்காகத் திருப்பும் பந்து மேசையில் பட்டு உங்கள் வலது பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே பாயும். இடது பக்கம் அவருக்குக் கிடைப்பது நேர்கோட்டு அடி மட்டுமே. ஆகவே நடுவிலிருந்து சற்று வலப்புறம் தள்ளி நில்லுங்கள். பேக்ஹேண்ட் மூலைக்கு, அதாவது அவருடைய இடது மூலைக்கு அடித்தால் இடப்புறம். உங்கள் இடது மூலையிலிருந்து நேர்கோட்டில் அடிப்பதுதான் செலவு கூடிய அடி: பந்து திரும்பி வந்துவிட்டால் மேசையின் முழு அகலத்தையும் கடந்தாக வேண்டும். சந்தேகமாக இருந்தால் எதிராளியின் மட்டை பிடித்த முழங்கையைக் குறிவையுங்கள். எந்தப் பக்கத்தால் எடுப்பது என்று அவர் திணறுவார். அங்கிருந்து அவ்வளவு அகலமாகவும் அடிக்க முடியாது.

அடுத்தது பார்வை. உங்கள் பந்து வலையைத் தாண்டும்போதே கண் எதிராளியின் மட்டைக்குப் போய்விட வேண்டும். உடம்புக்கு முன்னால் பந்தைச் சந்திக்கிறாரா, பெரும்பாலும் குறுக்கே வரும். பக்கவாட்டு வரை பந்தை வரவிட்டால் நேர்கோட்டை எதிர்பாருங்கள். கை நீட்டி எட்டிப் பிடிக்கிறார் என்றால் பந்து வலுவில்லாமல்தான் வரும். ஓரடி முன்னே வாருங்கள்.

ஆனால் முன்கூட்டியே பாய்ந்துவிடக் கூடாது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சுவீடனின் யான்-ஓவே வால்ட்னரின் பழைய ஆட்டங்களைப் பாருங்கள். கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி, முந்திக்கொண்டவரை அப்படியே நிற்க வைத்துவிடுவார். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் தறுவாயில் முன்பாதங்களில் சிறிதாக ஒரு துள்ளு துள்ளுங்கள். எந்தப் பக்கமும் கிளம்பக் கால் தயாராக இருக்கும்.

ஒரு வாரம் இப்படிப் பயிற்சி செய்யுங்கள்: நீங்கள் துணை ஆட்டக்காரரின் ஃபோர்ஹேண்ட் மூலைக்கு மட்டும் அடியுங்கள், அவர் விரும்பிய பக்கம் திருப்பட்டும். பந்து எங்கே வரும் என்பதை அவருடைய மட்டை பட்டதும் வாய்விட்டு, 'குறுக்கு' அல்லது 'நேர்' என்று சொல்லுங்கள். சரியாகச் சொல்லத் தொடங்கிய பிறகு மற்ற மூலைக்கு மாறலாம்.