ஊழியமா, உத்தியோகமா? வேலை தேடும் விசுவாசிகளுக்குச் சில பதில்கள்

பதினெட்டு வருடம் கணக்குத் துறையில் இருந்தேன். அதன் பிறகு சபை வாலிபர்களோடு உட்கார்ந்து வேலை, படிப்பு பற்றிப் பேசுவதே என் முக்கியப் பணி. இந்த முறை வந்த கேள்விகளில் பொதுவானவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. பொறியியல் முடித்து நல்ல வேலையில் இருக்கிறேன். ஆனாலும் முழுநேர ஊழியத்துக்குப் போகாதவன் தேவனுக்கு இரண்டாந்தரப் பிள்ளை என்பதுபோல ஒரு குற்ற உணர்வு. வேலையை விட்டுவிடலாமா?

தம்பி, குற்ற உணர்வில் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். கொரிந்து பட்டணத்தில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார். ஊசியும் நூலும் பிடித்த அதே கைதான் நிருபங்களையும் நமக்குத் தந்தது. பிலிப்பியில் லீதியாள் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத் துணி விற்றவள். ஞானஸ்நானம் பெற்றதும் கடையை மூடு என்று அவளிடம் யாரும் சொன்னதாக நாம் வாசிப்பதில்லை. அவள் வீட்டில்தான் விசுவாசிகள் கூடினார்கள்.

‘அழைப்பு’ என்ற சொல் ஒரு காலத்தில் குருமாருக்கும் துறவிகளுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் அதைச் செருப்பு தைப்பவருக்கும் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் உரியதாக்கினார். பிறனுக்கு உதவும் நேர்மையான வேலை எதுவும் அழைப்புதான் என்றார்.

வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் கதையும் உங்களுக்குப் பொருந்தும். 1785இல் மனம் திரும்பியபோது, இங்கிலாந்து நாடாளுமன்றத்தை விட்டுவிடலாமா என்று தவித்தார். ஜான் நியூட்டனைத் தேடிப் போய்க் கேட்டார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்து பின்பு போதகரானவர். இருக்கும் இடத்திலேயே இருந்து தேவனுக்குச் செய் என்பதுதான் அவர் சொன்ன ஆலோசனையின் சாரம். 1807இல் பிரிட்டனின் அடிமை வியாபாரம் சட்டப்படி ஒழிந்ததில் வில்பர்ஃபோர்ஸின் பங்கு பெரிது.

உண்மையாகவே ஊழிய அழைப்பு இருந்தால்? அதற்கும் வாய்ப்பு இருக்கிறது. இப்போது ஓய்வு நேரத்தில் யாருக்காவது வேதம் சொல்லிக் கொடுக்கிறீர்களா? நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபிக்கிறீர்களா? உங்களை நன்றாக அறிந்த சபைப் பெரியவர்கள், நீங்கள் கேட்காமலே அந்த வரத்தைப் பற்றிப் பேசுகிறார்களா? இதெல்லாம் இருந்தால் போதகரோடு உட்கார்ந்து பேசுங்கள். இல்லையென்றால் முதலில் இதையெல்லாம் வேலையில் இருந்துகொண்டே தொடங்குங்கள்.

கேள்வி: பிரதர், இரண்டு வேலை வாய்ப்புகள் கையில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு நிறுவனம் போன் செய்தால் அதுதான் தேவ சித்தம் என்று ஜெபித்திருக்கிறேன். சரிதானே?

ஆட்டுத்தோலில் மட்டும் பனி விழட்டும் என்று தேவனிடம் அடையாளம் கேட்டான் கிதியோன். நாம் எல்லாருமே அந்தத் தோலைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் தேவன் என்ன செய்யச் சொன்னார் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். பயத்தில்தான் அவன் தோலைப் போட்டான். தேவன் அவன் பலவீனத்தைப் பொறுத்துக்கொண்டார். அதை நமக்கு ஒரு முறையாக வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த போன் வராமல் போனதற்கு, அங்கே பொறுப்பில் இருப்பவர் விடுப்பில் போனதுகூடக் காரணமாக இருக்கலாம்.

பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கிஸ்லேவ் மாதத்தில் கேள்விப்பட்டு உபவாசித்தார். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். “உனக்கு என்ன வேண்டும்?” என்று ராஜா கேட்டதும் மனதுக்குள் ஒரு ஜெபம். அப்புறம் எவ்வளவு காலம் ஆகும், எந்த அதிகாரிகளுக்குக் கடிதம் வேண்டும், வாசல்களுக்கு மரம் யார் தர வேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அத்தனையும் யோசித்து வைத்திருந்தார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிகிறது.

நீங்களும் ஜெபித்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். சம்பளம் ஒரு வரி. அதற்குக் கீழே, இந்த வேலையில் நான் என்ன கற்பேன், வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவேன், சபைக் கூடுகைக்குப் போக முடியுமா, யாருக்குப் பயன்படுவேன் என்று எழுதுங்கள். உங்களை முகஸ்துதி செய்யாத இரண்டு பேரிடம் அதைக் காட்டுங்கள். இரண்டுமே நல்லதாகத் தெரிந்தால் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். தேவன் அதனால் கோபப்பட மாட்டார்.

கேள்வி: மேலாளர் பில்களில் தேதி மாற்றி எழுதச் சொல்கிறார். மறுத்தால் வேலை போய்விடும் என்று பயம்.

இந்தப் பயம் எனக்குத் தெரியும். ஒரு வருடக் கணக்கு முடிப்பில், நான் கண்ணால் பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போட்டுவிட்டேன். மூன்று இரவு தூக்கம் இல்லை. நான்காம் நாள் போய், அதைத் திருத்த வேண்டும் என்று சொன்னேன். திருத்தினார்கள். அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை. முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றுதான் இன்றும் வருந்துகிறேன்.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேல் மறுத்த விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கல்தேயருடைய படிப்பைக் கற்றார், அவர்கள் வைத்த பெயரோடு வாழ்ந்தார், ராஜாவின் போஜனத்தில் மட்டும் கோடு கிழித்தார். அதையும் சண்டையாக்காமல், “பத்து நாள் சோதித்துப் பாரும்” என்று மாற்று வழி சொன்னார். நீங்களும், “உண்மையான தேதியைப் போட்டு, தாமதத்துக்கான காரணத்தை எழுதிவிடுகிறேன் சார்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் விடாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அதே வாரம் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கவும் தொடங்குங்கள். சில மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வையுங்கள். கையில் சேமிப்பு இருந்தால் ‘மாட்டேன்’ என்று சொல்வது கொஞ்சம் எளிது.

கேள்வி: ஆன்லைன் சூதாட்ட நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். நான் விளையாடுவதில்லை. தவறா?

யோவான் ஸ்நானனிடம் வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்தார்கள். வேலையை விடச் சொல்லவில்லை. அதிகமாக வாங்காதே, இடுக்கண் செய்யாதே என்றார். எபேசுவிலோ மாயவித்தைக்காரர் விசுவாசிகளானபோது தங்கள் புத்தகங்களையே எரித்தார்கள். அவற்றின் மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. சில தொழிலைச் சுத்தமாகச் செய்ய முடியும், சிலவற்றை விடத்தான் வேண்டும்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் உங்கள் வேலையை மிக நன்றாகச் செய்தால் அடுத்தவருக்கு என்ன ஆகும்? உங்கள் விஷயத்தில், இன்னும் பலர் பணத்தை இழப்பார்கள். வெளியே வாருங்கள் தம்பி. அடுத்த வேலை கிடைத்த பிறகு வருவதில் வெட்கம் இல்லை, ஆனால் தேடுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு ஓவியமும் வடிவமைப்பும் பிடிக்கும். அது ஆவிக்குரிய வேலை இல்லை என்கிறார் அப்பா.

யாத்திராகமம் 31ஐ அப்பாவோடு சேர்ந்து வாசியுங்கள் மகளே. தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் அங்கே சொல்வது பெசலெயேல் என்ற கைவினைஞரைப் பற்றி. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம், அத்தனையிலும் வேலை செய்தவர். அப்பாவின் பயம் வருமானத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். நீங்கள் செய்தவற்றை அவருக்குக் காட்டி, எப்படிச் சம்பாதிக்கப் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: நாள் முழுக்கக் காப்பீட்டுப் படிவங்களைக் கணினியில் ஏற்றுகிறேன். இதில் என்ன நிறைவு இருக்கிறது?

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் சமையற்கட்டில் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. பாத்திரங்களுக்கு நடுவிலேயே தேவனோடு பேசப் பழகினார். சமையல் சுவாரசியமானதாக மாறியதாக அவர் சொல்லவில்லை. ஆதாம் பாவம் செய்தபோது நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். அது நிலத்துக்கு மட்டுமல்ல, எந்த வேலையிலும் அலுப்பான நேரம் இருக்கும்.

ஒரு வருடம் முயன்றும் மனம் ஒட்டவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை. அதுவரை, உங்கள் திரையில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். கணவனை இழந்த ஒரு பெண்ணாக இருக்கலாம். ஒரு இலக்கம் தவறினால் அவருக்குப் பணம் வாரக்கணக்கில் தாமதமாகும். நாளை காலை முதல் படிவத்தில் இருக்கும் பெயரை ஒருமுறை வாசித்து, அவருக்காக ஒரு வரி ஜெபித்துவிட்டு எண்களைத் தட்டுங்கள்.