ஏலத் தேதிக்கு முந்தின நாள் பணம் கட்டினால் வீடு திரும்பக் கிடைக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: வீட்டுக் கடனில் எட்டுத் தவணை நின்றுவிட்டது. வங்கியின் 60 நாள் நோட்டீஸ் முடிந்து, போன வாரம் கேட்டில், வீட்டை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் நிலத்தை விற்றால் மூன்று மாதத்தில் மொத்தப் பணமும் கையில் வந்துவிடும். ஏலத் தேதிக்கு முந்தின நாள் கட்டினால் போதாதா?

போதாது. உங்கள் கடைசி நாள் ஏலத் தேதிக்கு முந்தின நாள் அல்ல. ஏல விளம்பரம் வெளியாகிற நாளுக்கு முந்தின நாள். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதமாவது வித்தியாசம் வரும். அந்த ஒரு மாதத்தை நம்பி வீட்டை விட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

நகை அடகு வைத்தே பழகியவர்கள் நாம். ஏலம் கூவுகிற வரைக்கும் ஓடிப்போய்த் திருப்பிவிடலாம் என்பது நமக்குள் ஊறிப்போன நினைப்பு. வீட்டுக் கடனிலும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வங்கிகள் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழி செய்த சர்ஃபேசி சட்டம் 2002ல் வந்தது. அதில் 13(8) என்ற பிரிவுதான் மீட்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. விற்பனைக்குக் குறித்த தேதிக்கு முன்னால் பாக்கியையும் செலவையும் கட்டினால் விற்கக் கூடாது என்று முதலில் இருந்தது. 2014ல் மேத்யூ வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை இன்னும் தாராளமாக எடுத்துக்கொண்டு, விற்பனை முழுதாக முடிகிற வரை மீட்கலாம் என்றது. 2016 செப்டம்பர் 1 முதல் அந்தப் பிரிவு மாறிவிட்டது. ஏல அறிவிப்பு வெளியாகும் தேதிக்கு முன்பே முழுத் தொகையும் கட்டியாக வேண்டும் என்று ஆனது. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், விளம்பரம் வந்த பிறகு மீட்கும் உரிமை கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய தீர்ப்பைக் காட்டி, விற்பனைச் சான்றிதழ் பதிவாகிற வரை நேரம் இருக்கிறது என்று இன்னும் யூடியூபில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். கடனுக்காக வீட்டை எடுத்துக்கொள்வதைச் சொல்லும் ‘ஃபோர்குளோஷர்’ என்ற சொல்லைக் கூகுளில் தேடினால் அமெரிக்க விவகாரங்கள்தான் கொட்டும். நம் ஊர் வங்கிக் கிளையில் அதே சொல்லைச் சொன்னால், கடனை முன்கூட்டியே கட்டி முடிக்க வந்திருக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் ஏலம் முடிந்த பிறகும் வீட்டை மீட்க அவகாசம் உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, என் கதை. 2014ல் 22 லட்சம் கடன் வாங்கி வீடு கட்டினேன். சின்னதாக ஒரு ஆஃப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் இதுதான் தொழில். 2019ல் இரண்டு பெரிய பாக்கி வராமல் போக, ஏழு தவணை நின்றது. நின்றது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. வந்த நோட்டீஸில் இருந்ததோ இருபது லட்சத்து எழுபதாயிரம் சொச்சம். என் மனைவி அந்த எண்ணை விரலால் தொட்டு, ஒரு சைபர் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்றாள்.

தப்பு இல்லை. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வராக்கடனாகிவிடும். அதற்குப் பிறகு அதே சர்ஃபேசி சட்டத்தின் 13(2)ன்படி வருகிற நோட்டீஸ், நின்ற தவணையை மட்டும் கேட்காது. மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டு என்று கேட்கும். இங்கேதான் நிறையப் பேர் உடைந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையில் பேசுவதற்கு நல்ல காலம் அந்த 60 நாள்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி, நின்ற அசலும் வட்டியும் முழுக்கக் கட்டினால் கணக்கை மறுபடி வழக்கமான கணக்காக மாற்றலாம். நோட்டீஸ் அனுப்பிய பிறகு வங்கி அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் ஒத்துக்கொள்வது நடக்கிறது. எனக்கு நடந்தது.

நடப்பதற்கு முன்னால் நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதிவுத் தபால் வந்தபோது நான் வீட்டில் இல்லை. வாங்கினால்தானே வம்பு என்று அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். தபாலை வாங்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது என்பது ஊர் நம்பிக்கை. சட்டம் அப்படி இல்லை. கதவில் ஒட்டலாம், பேப்பரில் போடலாம், அதுவும் கொடுத்ததாகத்தான் கணக்கு. திருப்பி அனுப்பியதில் எங்களுக்குத்தான் நஷ்டம்: 60 நாளில் பதினெட்டு நாள் எங்களுக்குத் தெரியாமலே ஓடிவிட்டது. அந்த 60 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்தால், வங்கி அதைப் பரிசீலித்து 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். 13(3ஏ) என்ற பிரிவு. நான் கடைசி வாரத்தில்தான் எழுதினேன்.

அப்புறம் ஒரு காலை, மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் பசை டப்பா. சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. கேட்டில் காகிதத்தை ஒட்டி, வீட்டோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். அதுதான் அடையாள சுவாதீனம், அதாவது காகிதத்தில் மட்டும் வீடு வங்கி வசம். வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டியதில்லை. ஆளை வெளியேற்ற வேண்டுமானால் வங்கி 14வது பிரிவின்படி கலெக்டரிடமோ, தலைமை மாஜிஸ்திரேட்டிடமோ மனுப் போட்டு உத்தரவு வாங்கி வரும். ஏழு நாளுக்குள் இரண்டு பேப்பரில் அதே அறிவிப்பு வந்தது, ஒன்று தமிழில். இந்த சுவாதீன விளம்பரத்தையும் ஏல விளம்பரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டாவது வந்தால் இல்லை.

உங்கள் கேட்டில் இருக்கும் காகிதத்தை ஒருமுறை கடைசி வரை படித்துப் பாருங்கள். பிரிவு 13, உட்பிரிவு 8ன்படி சொத்தை மீட்க இருக்கும் அவகாசத்தைக் கவனிக்கவும் என்று ஒரு வரி இருக்கும். தொகையைப் பார்த்த கண்ணுக்கு அந்த வரி தெரியாது. எனக்கும் தெரியவில்லை, எங்களிடம் லெட்டர்ஹெட் அடிக்கும் வக்கீல் ஒருவர்தான் பேனாவால் அடிக்கோடு போட்டு, “ஏலத் தேதியை மறந்துடுங்க, பேப்பர்ல வர்றதுக்குள்ள முடிங்க” என்றார். இரண்டு கலர் மெஷினை விற்றேன். மனைவியின் நகை வேறொரு இடத்துக்கு அடகு போனது. நின்ற தவணை, அதற்குள் மேலும் சேர்ந்தவை, விளம்பரச் செலவு, வக்கீல் செலவு எல்லாம் சேர்த்துக் கட்டியதும், மண்டல அலுவலகத்தில் கேட்டு வந்து கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள்.

எனக்குத் தெரிந்த அந்த இன்னொருவரிடம் என்னைவிட அதிகப் பணம் இருந்தது. ஏலத்துக்கு நான்கு நாள் முன்பு முழுத் தொகைக்கும் டிடி எடுத்துக்கொண்டு போனார். விளம்பரம் வந்து ஏறக்குறைய நான்கு வாரம் ஆகியிருந்தது. வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மனசு வைத்தால் வங்கி அந்தக் கட்டத்திலும் ஏலத்தை நிறுத்தலாம். ஆனால் அது அவர்கள் தயவு, அவருடைய உரிமை இல்லை. வீடு கடனைவிட நல்ல விலைக்குத்தான் போனது. கடனும் செலவும் போக மிச்சம் அவருக்கு வந்தது. அது நமக்குச் சேர வேண்டிய பணம், வங்கி வைத்துக்கொள்ள முடியாது. அவர் இப்போது அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறார்.

விற்பனைக்கு முன் கடன்காரருக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அந்த நோட்டீஸும் பேப்பர் விளம்பரமும் ஒரே நாளில்கூட வரலாம். ஆகவே அந்த 30 நாளை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கோர்ட் பக்கம் போவதென்றால், சாதாரண சிவில் கோர்ட் இந்த விவகாரத்தைத் தொடாது. கடன் மீட்புத் தீர்ப்பாயம்தான், டிஆர்டி என்பார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். நோட்டீஸில் தப்பு, தொகையில் தப்பு, விவசாய நிலத்தின் மேல் நடவடிக்கை, இப்படி ஏதாவது உண்மையான பிடி இருந்தால் போகலாம். வெறுமனே நாளைக் கடத்தப் போனால், ஒரு பகுதியைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் தடை கிடைக்கும். அங்கே தோற்று மேல்முறையீடு போனால் பாக்கியில் பாதியை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள், குறைத்தாலும் கால் பங்கு.

இதெல்லாம் வங்கிக்கும் பெரிய நிதி நிறுவனங்களுக்கும். தனி ஆளிடம் அடமானம் வைத்திருந்தால் 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60வது பிரிவு. அதில் மீட்பதற்கு 30 வருடம் வரை வழக்குப் போடலாம். ஆனால் கடனுக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, பணம் கட்டினால் திருப்பித் தருவார் என்று வாய்வார்த்தையை நம்பியிருந்தால் நிலைமை வேறு. அது தனிக் கேள்வி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். நிலத்துக்குக் கிரய ஒப்பந்தம் இந்த வாரமே போட்டு, முன்பணத்தை அப்படியே கடன் கணக்கில் கட்டுங்கள். ஒப்பந்த நகலோடு, அறிவிப்பில் கையெழுத்துப் போட்டிருக்கும் அதிகாரிக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, ஏல விளம்பரத்தைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். நகலில் சீல் வாங்குங்கள். கிளை மேலாளர் வாயால் சொல்லும் “பார்த்துக்கலாம்” எதற்கும் ஆகாது. ஒட்டிய தேதியிலிருந்து 45 நாளை காலண்டரில் குறித்துவைத்து, முப்பதாவது நாளுக்குள் வங்கியிடமிருந்து எழுத்தில் எதுவும் வரவில்லையென்றால் வக்கீலிடம் போய்விடுங்கள்.

முழுக்கக் கட்டி முடித்தால், அசல் பத்திரத்தை 30 நாளில் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதையும் பதிந்துவிட்டு, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். நான் எட்டு மாதம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தேன். நகையை வைத்து வாங்கிய கடன் முடிவதற்குள் இன்னொரு வில்லங்கத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.