கல்லடிப் பாலத்தில் கட்டணம் வாங்க யாருக்கு அதிகாரம்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பட்டா லொறி வைத்து கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் சாமான் ஏற்றுகிறேன். புதிய போக்குவரத்துச் சட்டம் வந்தால் எங்கள் பாலங்களிலும் வீதிக் கட்டணம் வாங்குவார்களாம். ஒரு கட்சிக்காரர் அதைத் தாங்கள் தடுத்துவிட்டதாகச் சொல்கிறார். எதை நம்புவது? எங்களால் ஏதும் செய்ய முடியுமா?"

முதலில் அந்தக் கட்சிக்காரரிடம் சட்டமூலத்தின் பெயரைக் கேளுங்கள். வர்த்தமானியில் வராத சட்டமூலத்தை யாராலும் தடுக்க முடியாது. தடுத்ததாகச் சொல்ல மட்டும் முடியும்.

அப்புறம், வீதி யாருடையது என்று பாருங்கள். நீங்கள் ஓடுவது ஏ4 வீதியின் கடைசித் துண்டு. மட்டக்களப்பின் கல்லடிப் பாலமும் அதில்தான் இருக்கிறது. அது தேசிய நெடுஞ்சாலை, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மாகாணப் பட்டியலில் வீதிக் கட்டணமும் மாகாண வருமானங்களில் ஒன்றாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் அதே பட்டியல் தேசிய நெடுஞ்சாலைகளையும் அவற்றின் பாலங்களையும் மாகாணத்துக்குத் தரவில்லை. ஆகவே கல்லடியில் கட்டணம் என்றால் அது கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். மாகாண உள்வீதிகள் வேறு கதை. அங்கே புதிதாக நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) கொண்டுவர மாகாண சபை கூடியாக வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதிலேயே உங்களுக்கான பாடம் இருக்கிறது. அந்த ஆண்டு மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் ஒன்று வந்தது. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 சதவீதம் என்பதுதான் அதன் நோக்கம் என்றார்கள். யார்தான் எதிர்ப்பார்கள்? செப்டெம்பர் 20ஆம் திகதி குழுநிலையில், அதாவது சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக ஆராயும் கட்டத்தில், தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்களை உள்ளே நுழைத்து, அன்றைக்கே நிறைவேற்றிவிட்டார்கள். பிறகு புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணயம் இழுபட்டது, கூடவே தேர்தலும் இழுபட்டது.

இதை வீதிக் கட்டணத்தோடு பொருத்திப் பாருங்கள். ஒரு சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் (சபையின் நிகழ்ச்சி நிரலில்) இடம்பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சபாநாயகர் சான்றுப்படுத்திய பின் அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. குழுநிலைத் திருத்தம் வருவதோ அந்த 14 நாளும் கடந்த பிறகு. அதனால் மேடைப் பேச்சை விட்டுவிட்டு சட்டமூலத்தின் வாசகத்தைப் படியுங்கள். "அதிவேக நெடுஞ்சாலைகள்" என்பதோடு நின்றால் உங்கள் லொறிக்குப் பிரச்சினை இல்லை. பின்னால் "அமைச்சர் வர்த்தமானி மூலம் குறித்துரைக்கும் வேறு வீதிகளும்" என்கிற மாதிரி ஒரு வால் ஒட்டியிருந்தால்தான் கவனம் தேவை. அதிவேக நெடுஞ்சாலைக் கட்டணத் தொகைகளை ஏற்கெனவே வர்த்தமானி மூலம்தான் நிர்ணயிக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் சட்டம் கொண்டுவருவதில்லை.

மாகாண வீதிகளையோ மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களையோ தொடும் சட்டமூலம் என்றால் இன்னொரு பிடி உண்டு. அதை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். 2012இல் திவிநெகும என்ற வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கான சட்டமூலத்துக்கு, சபையே இல்லாத வடக்கில் ஆளுநர் சம்மதம் கொடுத்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. (அந்த அமர்வுக்குத் தலைமை வகித்த பிரதம நீதியரசர் சில மாதங்களில் பதவியிழந்தார் என்பது தனிக்கதை.)

சரி, செய்ய வேண்டியது என்ன? லொறி, பஸ் உரிமையாளர் சங்கத்தில் ஒருவரை வாரந்தோறும் வர்த்தமானியும் ஒழுங்குப் பத்திரமும் பார்க்க வையுங்கள். இரண்டும் இணையத்தில் தமிழிலும் கிடைக்கும். சட்டமூலம் வர்த்தமானியில் வந்துவிட்டால் 14 நாள் ஓடத் தொடங்குமுன்பே சட்டத்தரணியிடம் போங்கள். மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதும்போது "எதிர்ப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்பார்கள். குழுநிலையில் எந்தப் பிரிவுக்கு என்ன திருத்தம் கொண்டுவருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.