கையுறையோடு சாப்பிட உட்காரும் மகன்

சகோதரி, சியாட்டிலில் உங்கள் ஒன்பது வயது மகன் பேஸ்பால் கையுறையோடு சாப்பிட உட்காருகிறான், வரவேற்பறைச் சுவரில் பந்தெறிகிறான், கணக்கு நோட்டைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கையுறையைப் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள். நாங்கள் அதைச் செய்து இரண்டு நாள் அழுகையைத்தான் பார்த்தோம்.

வீட்டுக்குள் சுருட்டிய காலுறைதான் பந்து. அசல் பந்து ஏறக்குறைய 145 கிராம், ஜன்னல் தாங்காது.

கணக்குக்கு ஒரு ஸ்கோர் நோட்டு வாங்கிக்கொடுங்கள். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கில் பருவத்துக்கு ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள்! பிடித்த வீரரின் அடி சராசரியை, அதாவது ஹிட்டை அட்-பேட்டால் வகுத்து வரும் எண்ணை, தினமும் அவனே போடட்டும். 30 அட்-பேட்டில் (மட்டை பிடித்த முறை) 9 ஹிட் (அடித்துத் தளத்தை எட்டியது) என்றால் .300, வாக் (நான்கு தவறான வீச்சுக்குக் கிடைக்கும் இலவச முதல் தளம்) அட்-பேட்டில் சேராது என்பதை அவனே உங்களுக்குச் சொல்லித்தருவான். என் மகளுக்குத் தசமம் பிடிபட்டது இப்படித்தான்.

பள்ளி நாள்களில் இரவு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் மூன்றைப் பார்த்து முடித்ததும் படுக்கை. மீதி ஆட்டத்தைக் காலையில் தோசை வார்க்கும்போது நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள்.