தையல் போட்ட நாய்க்கு வலிக்கிறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு முந்தாநாள் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. ஒரு முனகல்கூட இல்லை. மூலையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு கிடக்கிறாள். வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா டாக்டர்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிந்திய வலியை அளக்க கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஓர் அளவுகோல் இருக்கிறது. மொத்தம் 24 மதிப்பெண். அதில் முனகல், அழுகை, அலறல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3தான். மீதி 21-ம் நாயின் நடத்தையில் தெரிகிற மற்ற அடையாளங்களுக்கு.

வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் கிட்டே போகாமல் நாலடி தள்ளி நின்று கவனியுங்கள். தையல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாளா, நக்குகிறாளா, கடிக்கிறாளா? இதற்கு 0 முதல் 4 வரை. பிறகு கயிறு மாட்டிப் பத்தடி நடத்துங்கள். நடைக்கும் 4 வரை. அடுத்து, தையலைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி இரு விரலால் மெல்ல அழுத்துங்கள். தையல் மேலேயே கை வைக்கக் கூடாது. இதற்கு 5 வரை உண்டு. வளர்த்தவரையே கடிக்க வரலாம் என்பதால், குழந்தைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள். கடைசியாக, ஆள் எப்படி இருக்கிறாள், எப்படிப் படுத்திருக்கிறாள் என்ற இரண்டுக்கும் தலா 4.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சத்தம் இல்லை, 0. தையலைத் திரும்பிப் பார்த்தால் 1. எழ யோசித்து மெதுவாக நடந்தால் 2. தொட்டதும் வெடுக்கென்று உடம்பைச் சுருக்கினால் 2. சுற்றி நடப்பதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் 2. நீங்கள் சொல்லும் குறுகிய முதுகுக்கு 3. கூட்டினால் 10. மதிப்பெண் 6-ஐத் தொட்டாலே வலி மருந்தைக் கூட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். அதனால் இன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஒரு தாளில் தினம் இரண்டு முறை எழுதி வையுங்கள்: மருந்து கொடுக்கும் முன் ஒன்று, கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. மருந்துக்குப் பின் குறைந்து, அடுத்த வேளை வருவதற்குள் மறுபடி ஏறினால், மருந்தின் வேலை பாதியிலேயே முடிந்துவிடுகிறது. டாக்டருக்கு அந்தத் தாள் உங்கள் வர்ணனையைவிட அதிகம் உதவும். நாளுக்கு நாள் குறைந்து வந்த எண் மூன்றாம், நான்காம் நாளில் திடீரென்று கூடினால் சீழ் பிடித்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மருந்தைக் கூட்டி அதை மூடி மறைக்கக் கூடாது. (கிழட்டு நாயின் மூட்டு வலிக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.)

கேள்வி: 15 கிலோ நாட்டு நாய். கட்டி எடுத்து நாலு நாள் ஆகிறது. கொடுத்த மருந்து தீர்ந்துவிட்டது, வலி தீரவில்லை. எனக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: கால் மாத்திரைகூட வேண்டாம். நாய்க்கும் மனிதருக்கும் பொதுவான மெலாக்சிகாம் என்ற வலி மருந்தையே எடுத்துக்கொள்வோம். நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து 0.1 மி.கி., தினம் ஒரே வேளை. உங்கள் நாய்க்கு 1.5 மி.கி. போதும். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரை 7.5 மி.கி. அதில் பாதி என்றாலும் தேவையைப்போல் இரண்டரை மடங்கு. மில்லிக்கு 1.5 மி.கி. உள்ள நாய் மருந்தென்றால் ஊசியில்லாத சிரிஞ்சில் சரியாக 1 மி.லி. எடுத்தால் தீர்ந்தது. அதையும் எத்தனை நாள் என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் பக்கமே போகாதீர்கள். வலியைத் தூண்டும் அதே ரசாயனங்கள்தான் வயிற்றின் உள்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும். இந்த மருந்துகள் இரண்டையும் சேர்த்தே அடக்கிவிடும். விளைவு வயிற்றுப் புண், அதன் பின் சிறுநீரகச் செயலிழப்பு. சித்திரை வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காத நாய்க்கு ஆபத்து இன்னும் கூடுதல். தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல்லும் ஆகாது, நக்கினால் வயிற்றுக்குள் போய்விடும். மாட்டுக்கு இதே டைக்ளோஃபினாக்கைப் போடக் கூடாது என்று 2006-ல் தடை வந்தது கழுகுகளுக்காக. இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன.

பாரசிட்டமாலை நாய்க்கு டாக்டர்கள் அளந்து எழுதுவது உண்டு. வீட்டில் பூனை இருந்தால் அதற்கு ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

வலி மருந்தை வெறும் வயிற்றில் தராதீர்கள். இட்லியோ தயிர்ச்சோறோ சாப்பிட்ட பிறகு கொடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாக்க வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் ஓட்டையே விழலாம். வாந்தி, தார்போல் கறுத்த மலம், ஈறில் மஞ்சள், சாப்பாட்டைத் தொடாமல் இருப்பது: இதில் எது தெரிந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அழைத்துப் போங்கள்.

கேள்வி: பைக் மோதித் தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். அன்றிரவு முழுக்க இளைப்பு, புலம்பல். வலியா, மயக்க மருந்தின் வேலையா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: இரண்டுமாக இருக்கலாம். மூத்திரம் முட்டினாலும் புலம்பும் என்பதால் முதலில் இடுப்பில் துண்டைக் கொடுத்துத் தாங்கி வெளியே கூட்டிப் போங்கள். ஃபேன் போடுங்கள். பிறகு பெயர் சொல்லித் தடவுங்கள். உங்களை யாரென்றே தெரியாததுபோல் வெறித்துப் பார்த்து, எதற்கும் அடங்காமல், காயத்துக்குக் கிட்டே தொட்டாலும் சட்டை செய்யவில்லை என்றால் மயக்கம் தெளியும் தடுமாற்றம். சில மணி நேரத்தில் அடங்கும். தொட்டால் உறுமுகிறது, காலை இழுத்துக்கொள்கிறது என்றால் வலி. தாங்கிப் பிடிக்காமல் நடக்க முடியாத நாய்க்கு மேலே சொன்ன அளவுகோலில் நடையைக் கழித்துவிட்டு 20-க்குப் போடுங்கள். 5 வந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

காலில் கட்டு இருந்தால் வெளியே தெரியும் நடு இரண்டு விரல்களைத் தினமும் இரண்டு முறை பாருங்கள். நகங்கள் விலகியிருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் கட்டு இறுக்கம், உடனே பிரிக்க வேண்டும். டைல்ஸ் தரையில் சாக்கு விரியுங்கள். ஒரே ஒரு வழுக்கலில் கம்பி இடம் மாறிவிடும்.

கேள்வி: தையல் மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுகிறோம். சரிதானே?
- வாசகி, அலங்காநல்லூர்

பதில்: வேண்டாம். மஞ்சள் பூசினால் தோல் சிவந்திருப்பது தெரியாது, எண்ணெய் வாசத்துக்கு நாய் அதையே நக்கும். வீக்கத்துக்கு முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், தினம் மூன்று வேளை வையுங்கள். பிளாஸ்டிக் கூம்பு கழுத்திலேயே இருக்கட்டும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை குளிப்பாட்ட வேண்டாம்.